படம் எப்படி இருக்கு என்று யாராவது கேட்டால்

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போடுகிறார். ஐந்து நிமிடத்தில் பத்துக் கட்டைவிரல், நாலு நெருப்பு, "செம ப்ரோ", "சூப்பர் சார்", "வேற லெவல்". அரை மணி கழித்து அனுபவசாலி ஒருவர் வருகிறார்: "ஹரைசன் சாய்ஞ்சிருக்கு. ரூல் ஆஃப் தேர்ட்ஸ் படிங்க." முதல் கூட்டத்தால் படம் எடுத்தவருக்குச் சந்தோஷம், பின்னால் வந்தவரால் எரிச்சல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வேறு மாதிரி என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அவருக்கு இன்னும் தெரியாது.

புகைப்பட விமர்சனத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்டவர் அடுத்த படத்தை எடுக்கும்போது அது கைகொடுக்க வேண்டும். பாராட்டுக்கும் இதே அளவுகோல்தான்.

பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவருக்கு இவ்வளவு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். போட்டோ வாக் போகிறவர்களில் பலர் ஒன்றிரண்டு வருடத்தில் கல்யாண மண்டபத்தில் இரண்டாவது கேமராவாக நிற்கிறார்கள். இன்னும் சிலர் ஹோட்டல் மெனுவுக்கும் துணிக்கடை கேட்லாக்குக்கும் எடுக்கிறார்கள். அங்கே குறை கேட்பது தினசரி வேலை. மாப்பிள்ளையின் அக்கா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "எங்க அம்மா ஒரு படத்துலகூட சிரிக்கலையே தம்பி" என்பார். அதுவும் விமர்சனம்தான். கேட்டுப் பழகாதவர் அந்த இடத்தில் சண்டைக்கு நிற்பார், அல்லது சுருண்டுபோவார்.

சென்னைக்கு இதில் பழைய கதை ஒன்று உண்டு. லின்னேயஸ் டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டன். புகைப்படம் அவருக்கு ஆசைக்குக் கற்றுக்கொண்ட விஷயம். 1854 கடைசியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்து, 1855இல் மதராஸில் நடந்த கண்காட்சியில் வைத்தார். நடுவர்கள் முதல் தரப் பதக்கம் கொடுத்தார்கள். அதே ஆண்டு பர்மா போன தூதுக்குழுவில் புகைப்படக்காரராகச் சேர்க்கப்பட்டார். அடுத்த ஆண்டு மதராஸ் அரசின் புகைப்படக்காரர். தஞ்சைப் பெரிய கோயிலை அவர் எடுத்த படங்கள் 1858இல் வெளிவந்தன. விவரம் தெரிந்தவர்கள் முன்னால் தன் வேலையைக் கொண்டுபோய் வைக்க அன்றைக்கே ஓர் அமெச்சூர் தயாராக இருந்தார்.

கேட்கிற விதம்

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். பதில் சொன்னவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேள்வி அப்படி. படத்தோடு மூன்று விஷயங்களைச் சேர்த்து எழுதுங்கள்: எதைக் காட்ட நினைத்தீர்கள், எந்த இடத்தில் சந்தேகம், எப்படி எடுத்தீர்கள். "காசிமேடு, காலை அஞ்சரை. ஏலத்துல விலை பேசுற வேகம் தெரியணும்னு நினைச்சேன். இடது பக்கம் அடைச்சுக்கிட்டு இருக்கோன்னு சந்தேகம். 35 எம்எம், 1/60, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600." நாலு வரிதான். இதற்கு வெறும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது.

அனுப்பும் வழியையும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும், கேமரா விவரங்களும் கழன்றுவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் முழுசாகப் போகும். ஆனால் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் கூடவே போகும். வீட்டில் எடுத்த குழந்தை படம், அரிய பறவை இருக்கும் இடம் என்றால் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். இன்ஸ்டாகிராம் நெடுங்காலமாக 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கித்தான் காட்டுகிறது. அதில் பார்த்து "ஃபோகஸ் பக்கா" என்று சொல்வதிலும் சரி, "சாஃப்ட்டா இருக்கு" என்று சொல்வதிலும் சரி, அர்த்தமில்லை. அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படம் பலருடைய திரையில் வெளுத்துத் தெரியும், எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி அனுப்புங்கள்.

பார்ப்பவருக்கும் ஒரு வார்த்தை. இரவு படுக்கையில் பிரைட்னஸைக் குறைத்துவைத்துக்கொண்டு "ரொம்ப இருட்டு" என்று எழுதாதீர்கள். காலையில் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.

முதலில் தெரிவதைச் சொல்லுங்கள்

மேலே சொன்ன காசிமேட்டுப் படத்தையே எடுத்துக்கொள்வோம். நடுவில் மீன் விற்கும் அம்மா ஒருவர். வலது கையைத் தூக்கி, வாய் திறந்து விலை சொல்கிறார். எதிரே நிற்பவரின் முதுகு மட்டும் ஃபிரேமின் வலது ஓரத்தில். கீழே ஐஸ் துண்டுகள் மின்னுகின்றன, மேலே எல்இடி விளக்கின் வெள்ளை வெளிச்சம். இடது மூலையில் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று கால்வாசி ஃபிரேமை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தூக்கிய கையின் விரல் நுனிகள் மேல் விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கின்றன. முகம் தெளிவாக இருக்கிறது, கை லேசாகக் கலங்கியிருக்கிறது.

"டிஸ்டர்பன்ஸ் ஜாஸ்தி, கம்போசிஷன் சரியில்ல" என்று எழுதிவிட்டுப் போகலாம். ஒரு வரி, ஒரு நொடி. படம் எடுத்தவருக்கு எது டிஸ்டர்பன்ஸ் என்றே புரியாது. அவர் கண்ணில் அந்த டிரம் பட்டிருந்தால் எடுக்கும்போதே விலக்கியிருப்பாரே!

இப்படி எழுதிப் பாருங்கள்: "என் கண்ணு முதல்ல நீல டிரம்முக்குப் போகுது. அப்புறம்தான் அந்த அம்மா முகத்துக்கு வருது." இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. உங்கள் கண் போன வழியைச் சொல்லியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இதோடு யாரும் வாதாட முடியாது. எடுத்தவர் உடனே தன் படத்தைப் புதுசாகப் பார்ப்பார். பிறகு அடுத்த வரி: "கேமராவைச் செங்குத்தாப் பிடிச்சிருந்தா டிரம்மும் போயிருக்கும், விரலுக்கும் மேல இடம் கிடைச்சிருக்கும். ஆனா வாங்குறவரோட முதுகும் போயிடும். அது வேணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்." இப்போது அவர் கையில் செய்து பார்க்க ஒரு வேலை இருக்கிறது. முடிவும் அவரிடமே இருக்கிறது.

கலங்கிய கையை என்ன செய்வது? அங்கேதான் நல்ல விமர்சகர் தெரிவார். "ஷேக் ஆயிருக்கு" என்று பழக்கத்தில் எழுதத் தோன்றும். அவர் காட்ட நினைத்தது பேரத்தின் வேகம். 1/60 வைத்ததால்தான் கை கலங்கியது, 1/250 வைத்திருந்தால் விரல்கள் உறைந்து நின்றிருக்கும். அந்தக் கலக்கம் படத்துக்கு நல்லது செய்கிறது. அதை எழுதுங்கள்: "முகம் நிக்குது, கை மட்டும் ஓடுது. வேகம் இதுலதான் தெரியுது. இதை மாத்தாதீங்க." எதை மாற்றக்கூடாது என்று சொல்வது, எதை மாற்ற வேண்டும் என்று சொல்வதற்குக் குறைந்ததில்லை. அமெச்சூர்கள் பலர் தம் படத்தில் தானாக அமைந்துவிட்ட நல்லதை யாரும் சுட்டிக்காட்டாததாலேயே அடுத்த முறை கைவிட்டுவிடுகிறார்கள்.

எங்கே தொடங்குவது என்று தடுமாறுகிறவர்களுக்கு ஜான் சார்கோவ்ஸ்கி உதவுவார். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் புகைப்படப் பிரிவை 1962 முதல் 1991 வரை நடத்தியவர். ‘தி ஃபோட்டோகிராஃபர்ஸ் ஐ’ என்ற 1966ஆம் ஆண்டுப் புத்தகத்தில் படத்தை ஐந்து பக்கமாகப் பார்க்கச் சொன்னார்: எடுக்கப்பட்ட பொருள், அதன் சிறு விவரம், சட்டகம், நேரம், கேமரா நின்ற இடம். நம் படத்தில் டிரம், கேமரா நின்ற இடத்தின் பிரச்சினை, வெட்டுப்பட்ட விரல் சட்டகத்தின் பிரச்சினை, கலங்கிய கை நேரத்தின் லாபம். "ஏதோ குறையுது" என்று மனதில் படும்போது இந்த ஐந்தில் எது என்று தேடினால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

எந்த வரிசையில் சொல்வது என்பதற்கு அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் வகுத்த முறை இருக்கிறது. நடனத்துக்காக உண்டானது என்றாலும் படத்துக்கு அப்படியே பொருந்தும். பார்த்தவர்கள் தம்மைத் தொட்டது எது என்று முதலில் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்பார். அதன் பிறகு பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள், ஆனால் அந்தக் கேள்விக்குள் தீர்ப்பு இருக்கக் கூடாது. கருத்து கடைசியில்தான், அதுவும் "சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு. மூன்றாவது படிதான் கஷ்டம். "ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?" என்பது கேள்வி வேஷம் போட்ட தீர்ப்பு. "வெளிச்சத்தை எதை வெச்சு முடிவு பண்ணீங்க?" என்பது கேள்வி. இரண்டாவதைக் கேட்டுப் பாருங்கள், வருகிற பதிலில் பாதி நேரம் உங்கள் கருத்தே மாறிவிடும்.

விதிகளை நீட்டுமுன்

ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் கதையைப் புகைப்படக் குழு நடத்துகிறவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1887இல், இருபத்து மூன்று வயதில், பெர்லினில் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் அமெச்சூர் போட்டிக்குப் படங்கள் அனுப்பினார். நடுவர் பீட்டர் ஹென்றி எமர்சன் முதல் பரிசு கொடுத்ததோடு நிற்கவில்லை. வந்தவற்றில் இதுதான் செயற்கையில்லாமல் தன்னியல்பாக இருக்கிறது என்று காரணத்தையும் சொன்னார். பாராட்டு என்றால் அப்படி இருக்க வேண்டும். எதற்காகப் பரிசு என்பது அந்த இளைஞருக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு ஆண்டு கழித்து, 1893 பிப்ரவரி 22. நியூயார்க் ஃபிஃப்த் அவென்யூவில் கடும் பனிப்புயல். இரவல் வாங்கிய கைக்கேமராவோடு மூன்று மணி நேரம் நின்று, பனியைக் கிழித்துக்கொண்டு வரும் ஒரு குதிரை வண்டியை எடுத்தார். நெகட்டிவை அமெச்சூர் சங்க நண்பர்களிடம் காட்டினார். கலங்கிப்போயிருக்கிறது, கூர்மையே இல்லை, தூக்கிப் போடு என்று சிரித்தார்கள். இது அவரே பின்னாளில் சொன்னது. அவர் தூக்கிப் போடவில்லை. நெகட்டிவின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து அச்சிட்டார். ‘விண்டர், ஃபிஃப்த் அவென்யூ’ இன்று புகைப்பட வரலாற்றின் முக்கியமான படங்களில் ஒன்று.

நண்பர்கள் பார்த்தது பொய்யில்லை. கூர்மை இல்லைதான். பனிப்புயலில் கூர்மை எதற்கு என்று மட்டும் அவர்கள் கேட்டுப் பார்க்கவில்லை. புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்குக்கும் இதே கதி. ‘தி அமெரிக்கன்ஸ்’ புத்தகத்தின் அமெரிக்கப் பதிப்பு 1959இல் வந்தபோது அங்கே பெயர்பெற்ற புகைப்படப் பத்திரிகை ஒன்றின் விமர்சகர்கள் கலக்கம், கிரெயின், சாய்ந்த ஹரைசன் என்று அடுக்கினார்கள். நம் குழுவில் அந்த அனுபவசாலி எழுதியது நினைவுக்கு வருகிறதா? விதியைச் சுட்டிக்காட்டுவதற்கு முன் ஒரு கேள்வி போதும்: இந்தப் படத்தில் இந்தச் சாய்வு ஏதாவது வேலை செய்கிறதா? செய்யவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். மெரினாவில் சும்மா நின்று எடுத்த கடல் சாய்ந்திருந்தால் அது சாய்வுதான், அதற்கு ஃபிராங்கைத் துணைக்கு அழைக்க முடியாது.

சொல்லக் கூடாதவை

"கேமரா மாத்துங்க ப்ரோ" என்பது விமர்சனமே இல்லை. எதிராளியின் சம்பளம் உங்களுக்குத் தெரியாது. இருக்கிற போனில் இன்னும் ஓர் அடி நெருங்கிப் போகச் சொல்லலாம், ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பச் சொல்லலாம். போனின் பிரதான லென்ஸ் ஏறத்தாழ 24 முதல் 26 எம்எம் அகலப் பார்வை. முகத்துக்கு மிக நெருங்கினால் மூக்கு பெருசாகும், போர்ட்ரெய்ட்டுக்கு ஓர் எட்டு பின்னால் நின்று ஜூம் லென்ஸுக்கு மாறுங்கள் என்று சொல்லலாம். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

கேட்காமல் அடுத்தவர் படத்தை லைட்ரூமில் போட்டு, "இப்படிப் பண்ணியிருக்கலாம்" என்று திருப்பிப் போடுவதும் வேண்டாம். அனுமதி கொடுத்தால் செய்யுங்கள், எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

படம் போட்டவர் ஓர் இளம்பெண்ணாக இருந்தால் "தனியாச் சொல்லித் தரேன்" என்று இன்பாக்ஸுக்கு ஓடுகிற ஆட்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். நல்ல கண்ணோடு எடுத்த பெண்கள் பலர் இந்தத் தொல்லையாலேயே படம் போடுவதை நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் கேட்காதவரை, சொல்ல வேண்டியதை எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே சொல்லுங்கள். குழு நடத்துகிறவர் இதை விதியாகவே வைக்க வேண்டும்.

கட்டாயம் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. படத்தில் இருக்கும் ஆளின் மானத்தையோ உயிரினத்தின் பாதுகாப்பையோ படம் கெடுக்கிறது என்றால், வெளிச்சமும் கம்போசிஷனும் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அதை முதலில் சொல்லுங்கள். பிளாட்பாரத்தில் தூங்குகிற தாத்தாவின் முகத்தை டைட் குளோசப்பில், அவருக்குத் தெரியாமல் எடுத்திருந்தால் "அவர்கிட்ட கேட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. கூட்டுக்குப் பக்கத்தில் போய்க் கிளையை ஒதுக்கிவிட்டுக் குஞ்சுகளை எடுத்த படத்துக்கு லைக் போடாதீர்கள். கூடு திறந்து கிடந்தால் காக்கையும் வரும், வெயிலும் வரும்.

வாங்கிக்கொள்பவர் பக்கம்

முதல் நாள் பதில் எழுதாதீர்கள். "நன்றி, பார்க்கிறேன்" போதும். மூன்று மணிக்கு எழுந்ததும், ஆட்டோவுக்கு அலைந்ததும், மழையில் நனைந்ததும் படத்தில் தெரியாது. அதையெல்லாம் விளக்கத் தொடங்கினால் சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொள்வார், நஷ்டம் உங்களுக்கு. எடுத்த சூட்டில் நம் படத்தை நாமே சரியாகப் பார்க்க முடியாது. புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் தான் எடுத்த ஃபிலிம் சுருள்களை ஓராண்டு, அதற்கும் மேல், கழுவாமலே வைத்திருப்பார். எடுத்த நாளின் மனநிலை தீர்ப்பில் கலந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். நமக்கு ஓராண்டு வேண்டாம், ஒரு வாரம் போதும்.

வந்த கருத்துகளைப் பிரித்துவையுங்கள். விரல் வெட்டுப்பட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிற உண்மை, ஏற்றுக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையில் நன்றாக இருக்கும் என்பது அவருடைய ரசனை, வேண்டுமானால் செய்து பாருங்கள். "என்ன சொல்ல வர்றீங்கன்னு புரியல" என்பதுதான் உள்ளதிலேயே விலைமதிப்பானது. பலர் அதைத்தான் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத மூன்று பேர் ஒரே மூலையைச் சுட்டினால், அவர்கள் சொல்லும் காரணம் தப்பாக இருந்தாலும் அந்த மூலையில் ஏதோ இருக்கிறது. ஸ்டீக்லிட்ஸும் நெகட்டிவை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை, வெட்டித்தான் அச்சிட்டார்.

காசுக்கு எடுக்கும்போது

வாடிக்கையாளர் கலைச்சொல்லில் குறை சொல்ல மாட்டார். "பளிச்சுனு இல்லையே" என்பார். அது வெளிச்சமா, வண்ணமா, சேலையின் ஜரிகையா, மணப்பெண்ணின் முகமா என்று நீங்கள்தான் கேட்டு எடுக்க வேண்டும். "இந்த ஆல்பத்துல உங்களுக்குப் பிடிச்ச ரெண்டு படத்தைக் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள், விஷயம் வெளியே வந்துவிடும். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை என்ற குறைக்கு எடிட்டிங்கில் மருந்து இல்லை. அடுத்த கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்பே இரு வீட்டு முக்கிய ஆட்கள் யார் யார் என்று எழுதி வாங்கிக்கொள்வதுதான் மருந்து.

வேலை தேட போர்ட்ஃபோலியோ தயாரிக்கும்போது விமர்சனத்தை வேறு விதமாகக் கேளுங்கள். இருபது படத்தைக் கொடுத்து, "எது நல்லா இருக்கு?" என்று கேட்காமல், "எட்டு படத்தை நீக்கிடுங்க" என்று சொல்லுங்கள். பாராட்டக் கூச்சப்படுகிறவரும், குறை சொல்லத் தயங்குகிறவரும் இதைச் செய்துவிடுவார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே படத்தை நீக்கினால் அது போகட்டும், உங்களுக்கு உயிரான படமாக இருந்தாலும். ராபர்ட் ஃபிராங்க் ‘தி அமெரிக்கன்ஸ்’ புத்தகத்துக்காகச் சுமார் 28,000 ஃபிரேம்கள் எடுத்தார், புத்தகத்தில் நின்றவை 83.

ஸ்டூடியோவில் சேரும்போது சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் என் கார்டை என்னோடு உட்கார்ந்து யார் பார்ப்பார்கள்? "காப்பி பண்ணிக் குடுத்துட்டுப் போப்பா, நாங்க செலக்ட் பண்ணிக்கிறோம்" என்று சொல்கிற இடத்தில் மூன்று வருடம் இருந்தாலும் உங்கள் படத்தில் எதைத் தள்ளினார்கள், ஏன் தள்ளினார்கள் என்று தெரியவராது. மாதம் ஒன்றிரண்டு ஆயிரம் குறைந்தாலும், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "இதைப் பாரு தம்பி, இங்க ஏன் வெட்டினே?" என்று கேட்கிற ஆள் இருக்கும் ஸ்டூடியோவில் சேருங்கள்.